சாகா?

அல்சூர் ஏரியிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சந்து. அந்தச் சந்தில் மூன்றே நாற்காலி போட்ட ஒரு சலூன். பெங்களூருக்குக் குடிவந்த நாளிலிருந்து நான் தலையைக் கொடுப்பது அங்கேதான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி விழுகிறது. பிடரியில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான், என் இரண்டு கைகளும் காணாமல் போகின்றன. சட்டைப் பையில் கைபேசி அதிர்கிறது, எடுக்க வழியில்லை. மூக்கு நுனியில் ஒரு மயிர்த்துணுக்கு வந்து உட்கார்ந்து நமநமக்கிறது, தட்டவும் வழியில்லை. அதிகாலையில் எழுந்து பாய் விரித்து எத்தனையோ முறை தேடிய அமைதி, ஒரு துணி முடிச்சில் தானாக வந்து அமர்ந்துகொள்கிறது. சும்மா இருத்தல் என்று நம் பெரியவர்கள் ஓயாமல் சொன்னார்களே, அதை மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் நாம் எல்லோருமே செய்துகொண்டுதான் இருக்கிறோம். செய்கிறோம் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

கண்ணை மூடிக்கொண்டால் கத்திரிக்கோலின் ஓசை மட்டும் மிஞ்சும். சிக், சிக், சிக். சற்றுக் கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும். முடி திருத்தும் என் நாற்காலிக்காரர் முடியை வெட்டும்போது எழும் ஓசை ஒன்று. முடியைத் தொடாமல், காற்றில் வெறுமனே கத்திரியைத் திறந்து மூடும்போது எழும் ஓசை இன்னொன்று. வெட்டு ஒன்றென்றால் வெறும் ஓசை இரண்டு, மூன்று. கை தன் தாளத்தை விட்டுவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார் போலும். ஜபம் செய்கிறவரின் விரல், மணி முடிந்த பிறகும் உருண்டுகொண்டிருக்குமே, அதுபோல.

வேலை முடிந்ததும் அவர் ஒரு சிறு கண்ணாடியை எடுத்து என் தலைக்குப் பின்னால் பிடிப்பார். எதிரே உள்ள பெரிய கண்ணாடியில் என் பிடரி தெரியும். என்னோடு ஐம்பது ஆண்டுகளாக வாழ்கிற பிடரி. பேருந்தில் பின்னிருக்கைக்காரரும், வங்கி வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறவரும், கோயிலில் என் முதுகை இடித்துக்கொண்டு சாமி பார்க்கிறவரும் நாள்தோறும் காண்கிற அந்தப் பிடரியை நான் காண்பது மாதத்தில் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடிக்குள் அவர் கேட்பார்:

“சாகா?”

கன்னடத்தில் சாகு என்றால் போதும். சாகா என்றால் போதுமா. இந்த ஊருக்கு வருகிற தமிழன் முதலில் கற்கும் பத்துச் சொற்களில் இதுவும் ஒன்று. பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரும் கேட்பார், பூக்காரம்மாவும் கேட்பார், இவரும் கேட்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். வேறொரு சொல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாகா. சாவில்லாத. வள்ளலார் வாழ்நாளெல்லாம் பேசிய சாகாக் கல்வியின் சாகா. இரண்டு சொல்லுக்கும் உறவு இருப்பதாக எந்த மொழியறிஞரும் ஒப்பமாட்டார். நானும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் எழுத்தில் தெரிந்தது தெரிந்ததுதான். போதும் என்று சொல்லத் தெரிந்த இடத்தில் ஏதோ ஒன்று சாகாமல் நிற்கிறதோ என்று அன்றிரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் இப்போது அந்த ஒரு கேள்வியோடுதான் கொஞ்ச நேரம் உட்காரப் போகிறோம்.

இளைஞர்கள் வருவார்கள். கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து நீட்டுவார்கள். கிரிக்கெட் ஆடுகிறவரின் தலை, கொரியப் பாடகரின் தலை, இந்த வாரம் வெளியான படத்தின் நாயகனுடைய தலை. “ஏனு குரு?” என்று கேட்டபடி இவர் படத்தை வாங்கிப் பார்ப்பார். பெங்களூரில் தெருவோரம் நிற்கிற பையன்கள் ஒருவரையொருவர் குரு என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மச்சி என்பதுபோல. டீக்கடைக்காரர் குரு, ஆட்டோக்காரர் குரு, கடன் கேட்கிறவனும் குரு. இத்தனை குருமார்கள் நடமாடும் நகரத்தில் சீடன் யார் என்று நான் சில நேரம் யோசித்ததுண்டு.

படத்தைப் பார்த்த பிறகு அவர் செய்வது எனக்குப் பிடித்த காரியம். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையனின் உச்சந்தலையில் விரலை வைத்துச் சுழியைத் தேடுவார். ஒற்றைச் சுழியா, இரட்டைச் சுழியா, வலப்பக்கம் சுற்றுகிறதா, இடப்பக்கமா. இரட்டைச் சுழி என்றால் இரண்டு கல்யாணம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வது அவருக்கும் தெரியும், சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவர் தேடுவது கல்யாணத்தை அல்ல. முடி எந்தப் பக்கம் சாய விரும்புகிறது என்பதை. நெற்றியோரம் எங்கே ஏறியிருக்கிறது, காதோரம் எவ்வளவு அடர்த்தி, கிருதா நேராக இறங்குகிறதா, வகிடு தானாக எங்கே பிரிகிறது என்று விரலாலேயே படிப்பார். பிறகு இரண்டு கேள்வி. ஹெல்மெட் போடுகிறாயா? எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவாய்?

இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிகை அலங்காரம் என்ற விஷயம் முழுதும் அடங்கிக் கிடக்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், சற்றுக் கூடுதலாகவும், வளர்கிறது. பக்கவாட்டில் மெஷின் ஓட்டி மூன்று மில்லிமீட்டருக்கு இறக்கிவிட்டால், ஒன்பது பத்து நாளில் அது ஆறு மில்லிமீட்டராகி இருமடங்காகிவிடும். தோலிலிருந்து புகைபோல மெல்ல எழும் அந்த ‘ஃபேட்’ இரண்டாவது வாரமே கலைந்துபோவது அதனால்தான். உச்சியில் ஆறு சென்டிமீட்டர் விட்டிருந்தால் அங்கேயும் அதே மூன்று மில்லிமீட்டர்தான் கூடும். ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. மிகக் கூர்மையாகச் செதுக்கிய அழகு மிக விரைவில் மங்குகிறது. கத்திரிக்கோலால் தளர்வாக வெட்டிய தலை ஐந்தாறு வாரம் தாங்கும். ஆகவே, வெட்டிய அன்று எப்படி இருக்கும் என்று கேட்காமல், மூன்றாவது வாரத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது எல்லாத் தலையும் அழகுதான். எல்லாத் துறவும் முதல் நாளில் தூயதுதான்.

ஹெல்மெட்டைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இந்த ஊரில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் எந்த அலங்காரமும் தலையோடு தட்டையாகிவிடும். காலையில் கண்ணாடி முன் கால் மணி நேரம் நின்று எழுப்பிய முடிக்கு வாசற்படியிலிருந்து வண்டி வரைதான் ஆயுள். அதைத் தெரிந்தும் நாம் நாள்தோறும் எழுப்புகிறோம். நாற்பது அடி தூரத்துக்கான அழகு. இதில் கேலி ஒன்றும் இல்லை. வாசலில் போட்ட கோலமும் பால்காரர் வரும்வரைதானே?

தண்ணீரைப் பற்றிய புலம்பலும் இங்கே உண்டு. பெங்களூருக்கு வந்த பிறகுதான் முடி கொட்டுகிறது என்று சொல்லாத மென்பொருள் இளைஞனை நான் பார்த்ததில்லை. காவிரி சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றப்பட்டு வருகிறது. அது எட்டாத இடங்களில் போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. ஷாம்பு நுரைக்காது, முடி சொரசொரக்கும், பிசுக்குப் போல ஏதோ தங்கும். ஆனால் முன்னந்தலையிலிருந்து வரிசை பிடித்துப் பின்வாங்குகிற வழுக்கைக்குத் தண்ணீரை நோவதில் பயனில்லை. அது அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்த சொத்து. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்பு. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து, உதிர்ந்து, அதே குழியில் இன்னொன்றுக்கு இடம் விடுகிறது. சீப்பில் சிக்கிய இழைகளை எண்ணி நெஞ்சு பதைக்கிறோம். நம் தலையோ நாள்தோறும் நூறு முறை விட்டுக்கொடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறது.

சரி, ஆசைக்கு வருவோம்.

என் பள்ளிப் பருவத்தில் தமிழ்நாட்டில் எங்கள் ஊர் சலூனில் ஒரே படம்தான் ஒட்டியிருக்கும். நெற்றியில் சரிந்து விழும் அடர்ந்த முடி. அதை விரல்களால் கோதித் தள்ளும் ஒரு கை. எங்கள் வகுப்பில் முப்பது பையன்கள் அந்தக் கையசைவைப் பழகினோம். எண்ணெய் தடவிப் படிய வாரிய எங்கள் தலையில் கோதுவதற்கு ஒன்றும் இருக்காது, இருந்தும் கோதினோம். அந்த முடிக்குச் சொந்தக்காரர் இந்தப் பெங்களூர்க்காரர். 1950இல் இங்கே பிறந்து, சிறுவயதில் ராமகிருஷ்ண மடத்தின் நிழலில் கொஞ்ச காலம் படித்து, பின்பு இந்நகரப் பேருந்தில் நடத்துநராக விசிலடித்து டிக்கெட் கிழித்தவர். 1973இல் சென்னைக்குத் திரைப்படக் கல்லூரியில் சேரப் போனார். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’. பிறகு நடந்தது நாடறியும். ஒரு தலைமுறை ஆண்கள் கண்ணாடி முன் நின்று தேடியது அந்த முடியைத்தான்.

அந்த முடி போய்விட்டது. போனதை அவர் மறைக்கவில்லை. திரையில் வேடத்துக்கு வேண்டிய முடியை வைத்துக்கொள்கிறார்; வேடம் கலைந்ததும் அதையும் கழற்றி வைத்துவிடுகிறார். 2023 ஆகஸ்ட் மாத இறுதியில், தாம் பணிபுரிந்த ஜெயநகர் பேருந்துப் பணிமனைக்கு ரஜினிகாந்த் திடீரென்று வந்து நின்றபோது எடுத்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சூழ்ந்து நிற்கிறார்கள். நடுவில் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர். முன்தலை வெறுமை, ஓரங்களில் நரை, முகத்தில் வெண்தாடி. அன்று அந்தப் படத்தைச் சலூனில் கைபேசியில் எல்லோருமாகச் சேர்ந்து பார்த்தோம். என் நாற்காலிக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது அவரோட நல்ல கட்டிங்” என்றார், தமிழில்.

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. ஒரு மனிதர் தமக்குரிய முடிவெட்டைக் கண்டடைவது என்றால் இதுதானோ? நாம் யாருடைய தலையை விரும்பி நம் தலையில் தேடினோமோ, அவரே அந்தத் தலையைக் கடந்து வந்துவிட்டார். நாம் இன்னும் பழைய படத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம். ஆசை எப்போதும் இன்னொருவரின் பழைய படத்தைத்தான் கையில் வைத்திருக்கிறது. மெல்ல அந்தப் படத்தைக் கீழே வைத்துவிட்டால், கண்ணாடியில் ஒரு முகம் நம்மைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது தெரியும். அது எப்போதும் காத்திருந்த முகம்தான்.

இந்த நகரத்தில் இன்னொரு கதையும் உண்டு. பிரிகேட் சாலையில் ஒரு சிறிய முடிதிருத்தும் கடை. அதை நடத்தியவர் 1979இல் இறந்துபோனார். அவர் மனைவி கடையை நாளுக்கு 5 ரூபாய் வாடகைக்கு விட்டுவிட்டு, வீடுகளில் சமையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். மகன் ரமேஷ் பாபு வளர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்; 1993இல் ஒரு மாருதி ஆம்னி வாங்கி வாடகைக்கு விட்டார்; அது பெருகிப் பெருகி 2011இல் ரோல்ஸ் ராய்ஸ் வரை போயிற்று. ஊடகங்கள் கார்களையே எண்ணின. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் கத்திரிக்கோலைக் கீழே வைக்கவில்லை, கடைக்கு வந்து முடி வெட்டினார் என்பதுதான் என்னை நிறுத்தியது. அப்புறம் கடையின் பெயர். இன்னர் ஸ்பேஸ். தமிழில் சொன்னால் உள்வெளி. திருமூலரிடமோ தாயுமானவரிடமோ கேட்டு வைத்ததுபோல ஒரு பெயர், ஒரு சலூனுக்கு. எண்ணிக்கை வெளியே வளர்ந்துகொண்டே போகலாம்; கை பழகிய ஓரிடத்தில் அன்றாடம் வந்து நிற்கிறவருக்கு உள்ளே ஒரு வெளி இருக்கத்தான் செய்யும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அவரைக் கேட்டதில்லை.

ஆசைக்கு ஓய்வுநாள் உண்டா? எங்கள் சலூனுக்கு உண்டு. செவ்வாய்க்கிழமை. இந்த ஊரில் முடிதிருத்துவோர் பலர் அன்று கடை திறப்பதில்லை. என் மனத்துக்கோ செவ்வாய்க்கிழமைதான் முடி வளர்ந்திருப்பது தெரியும். அலுவலகத்தில் யாரோ ஒருவர் பார்த்த பார்வையில் காதோரம் கனக்கும். இன்றே வெட்டியாக வேண்டும், இப்போதே, என்று கால் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஷட்டர் இறங்கியிருக்கும். திரும்பி வருவேன். புதன்கிழமை விடியும்போது அந்த அவசரம் எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்காது. முடி அதே முடிதான். அளவு கூடக் குறையவில்லை. குறைந்தது வேறு ஏதோ. மனத்துக்கும் வாரம் ஒருநாள் ஷட்டரை இறக்கிப் பார்க்கலாம். உள்ளே தட்டிக்கொண்டிருப்பது சற்று நேரத்தில் தானாக ஓய்ந்துவிடும்.

முடியே வேண்டாம் என்று முடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீருமா? காந்திநகரில் ஆசார்ய புத்தரக்கித 1956இல் நிறுவிய மகாபோதி சங்கத்துக்கு அவ்வப்போது போவேன். மரத்தடியில் சிறு பிக்குகள் மழித்த தலையோடு ஓடி விளையாடுவார்கள். முதன்முதலில் தலை மழிக்கும்போது அவர்களுக்கு ஐந்து சொற்களைக் கொடுப்பது தேரவாத மரபு: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். இதுதான் முதல் தியானப் பாடம். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கண்முன் விழுகிற முடியைப் பார், அது முடி. அவ்வளவே. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கத்தி தலையை விட்டு இறங்குவதற்குள் ஞானம் எய்தினான் என்று பழைய கதைகள் சொல்கின்றன. நமக்கு அவ்வளவு விரைவு வேண்டாம். பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் பாருங்கள், மழித்த தலையிலும் முடி வளர்கிறது. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அன்றே அய்யங்குளத்தின் கரையில் அடர்ந்த கருமுடியை மழித்துக்கொண்டான். கையில் மிஞ்சிய காசையும் தின்பண்டப் பொட்டலத்தையும் குளத்தில் எறிந்தான். மழித்த பிறகு குளிக்க வேண்டுமே என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குள் நுழையுமுன் மழை வந்து நனைத்தது. அந்தப் பையன்தான் ரமணர்; அத்தனையையும் ஒரே நாளில் விட்டார். அதற்குப் பின்னும் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தலையில் முடி வளர்ந்துகொண்டேதான் இருந்தது. யாரோ ஒருவர் கத்தியோடு வந்து மழித்துக்கொண்டேதான் இருந்தார். துறவிகள் பௌர்ணமி பார்த்து மழித்துக்கொள்வது நம் மரபு. துறந்தவருக்கும் பராமரிப்பு உண்டு. ஒருமுறை விட்டால் போதும் என்பது இந்தத் தலையில் நடக்கவே நடக்காத காரியம். மாதந்தோறும் விட வேண்டும். மாதந்தோறும் போய் உட்கார வேண்டும். முடிந்தது என்று நாம் நினைத்த ஆசை மெல்லக் காதின் மேல் வந்து படியும்போது, அட, வளர்ந்துவிட்டதே என்று சொல்லிக்கொண்டு எழுந்து போக வேண்டும். அதில் வெட்கம் ஏது?

அந்தக் கத்தியைப் பிடித்த கைகளை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். சாக்கிய இளவரசர்கள் புத்தரிடம் துறவு கேட்டு வந்தபோது, அவர்களுக்கு முடி திருத்திய உபாலியும் உடன் வந்தார். இவருக்கு முதலில் துறவு கொடுங்கள், நாங்கள் பின்னால் வந்து இவரை வணங்குகிறோம், எங்கள் குலச்செருக்கு கரையட்டும் என்று இளவரசர்களே கேட்டுக்கொண்டார்கள். புத்தர் மறைந்தபின் கூடிய முதல் சங்கத்தில், ஒழுக்க விதிகள் முழுவதையும் ஒப்பித்தவர் அந்த உபாலிதான். இந்தக் கன்னட மண்ணிலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணருக்கு மிக அணுக்கமாக இருந்த ஹடபத அப்பண்ணர், இதே தொழில் மரபில் வந்தவராகப் போற்றப்படுகிறார். அவருடைய வசனங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. “தலையைக் கொஞ்சம் குனிங்க” என்று நாற்காலிக்காரர் சொல்லும்போது, நான் இப்போதெல்லாம் சற்று நிறையவே குனிகிறேன்.

நரைக்கு வருகிறேன். வராமல் தீராது.

ஜாதகக் கதைகளில் மகாதேவன் என்றொரு மிதிலை அரசன். தன் முடிதிருத்துபவரிடம் அவன் சொல்லி வைத்திருந்தான்: என் தலையில் முதல் நரையைக் கண்டதும் சொல்லு. ஆண்டுகள், ஆண்டுகள் என்று எண்ண முடியாத காலம் கழிந்தது. ஒருநாள் அந்த மனிதர், கரிய முடிகளுக்கு நடுவே ஒன்றைக் கண்டார். கண்டேன் என்றார். பிடுங்கி என் கையில் வை என்றான் அரசன். பொன் இடுக்கியால் பிடுங்கி, அரசனின் உள்ளங்கையில் வைத்தார். அரசன் உள்ளங்கையைப் பார்த்தான். இன்னும் நெடுங்காலம் வாழ்வு மிச்சமிருந்தது அவனுக்கு. இருந்தாலும் போதும் என்று எழுந்துவிட்டான். சொன்னவருக்கு ஒரு கிராமத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, மகனுக்கு நாட்டைக் கொடுத்துவிட்டு, மாந்தோப்புக்குப் போய்விட்டான். நம் கம்பனிலும் தசரதனின் காதோரம் ஒரு நரை வந்து நாட்டை மகனுக்குத் தரச் சொல்கிறது. அங்கே தசரதன் போதும் என்றான், அவன் வீட்டார் போதும் என்று சொல்லவில்லை.

மகாதேவன் கதையில் என் மனம் தங்குவது அரசனிடத்தில் அல்ல. அந்த மற்றவரிடத்தில். முதல் நரையைக் கண்ட அந்தக் கணத்தில் அவர் என்ன நினைத்திருப்பார்? சொல்லாமல் விட்டிருக்கலாம். கத்திரி நுனியால் சத்தமில்லாமல் நறுக்கித் தரையில் தள்ளியிருக்கலாம். எத்தனையோ பேர் நமக்கு அந்த உபகாரத்தைத்தான் செய்கிறார்கள். அவர் சொன்னார். கிராமம் அதற்குத்தான்.

எனக்கு முதல் நரை நாற்பதில் வந்தது. என் நாற்காலிக்காரர் பிடுங்கவில்லை. இடுக்கியும் பொன்னால் ஆனது இல்லை. “சார், டை போட்டுரலாமா?” என்று கேட்டார். பிறகு அவரே, “முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு வைச்சு ரெண்டு நாள் பாருங்க, சிலருக்கு அரிக்கும்” என்றார். சரியான யோசனை, கருஞ்சாயத்தில் உள்ள வேதிப்பொருள் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும். பொட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் காத்திருந்தேன். அரிப்பு எதுவும் இல்லை. அந்த இரண்டு நாளில் டை போடும் ஆசையும் இல்லாமல் போயிருந்தது. சாயம் பூசுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை தேடுகிற ஐம்பது வயதுக்காரருக்கு அது சோறு. பெண் பார்க்கப் போகும் மகனுக்குத் துணையாகப் போகிற தகப்பனுக்கு அது மரியாதை. பூசலாம். பூசும்போது, யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று ஒரே ஒருமுறை மெல்லக் கேட்டுக்கொண்டால் போதும். விடை வராவிட்டாலும் பரவாயில்லை.

சலூனிலிருந்து வெளியே வந்து, பிடரியில் படிகாரத்தின் குளிர்ச்சி காயும்வரை ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். அங்கே வள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 1991இல் நிறுவிய சிலை. பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். சில நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. மழிக்கவும் வேண்டாம், நீட்டி வளர்க்கவும் வேண்டாம், உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் போதும் என்று கூடாவொழுக்கத்தின் கடைசிக் குறளில் சொன்னவர் அவர். அப்படிச் சொன்னவருக்கு நாம் நீண்ட தாடியும் உச்சிக் கொண்டையும் வைத்து உட்கார்த்தியிருக்கிறோம். வேணுகோபால் சர்மா வரைந்த படத்திலிருந்து அந்தத் தோற்றம் நம் கண்ணில் நிலைத்துவிட்டது. வேறெப்படி வரைந்திருந்தாலும் வள்ளுவர் மறுத்திருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்தபோதும் அவருக்கு ஒன்றும் குறையவில்லை.

போன மாதம் போனபோது எனக்கு முன்னால் ஒரு பெரியவர். எண்பதை நெருங்குகிற வயது. தலையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காதுகளுக்கு மேல் வெள்ளைக் கீற்றாக இரண்டு வரி, பிடரியில் கொஞ்சம். ஒவ்வொரு மாதமும் வருகிறவராம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நான் நினைத்தேன். என் நாற்காலிக்காரர் அவசரப்படவில்லை. துணியை உதறிப் போர்த்தினார். முடிச்சிட்டார். தண்ணீர் தெளித்தார். சீப்பை எடுத்து, இல்லாத வகிட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்தார். கத்திரி ஓடத் தொடங்கியது. சிக், சிக், சிக். பெரும்பாலும் காற்றில்தான். எப்போதாவது ஒருமுறை முடியில். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்த பையன்கள் இரண்டு பேர் கைபேசியிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் சிரிக்க வந்து, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டான். இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. சிறு கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தார்.

“சாகா, தாத்தா?”

பெரியவர் கண் திறந்து, எதிர்க் கண்ணாடிக்குள் இருந்த தம் பிடரியை நிதானமாகப் பார்த்தார். இடப்பக்கம் லேசாகத் திருப்பி அதையும் பார்த்தார்.

“இன்னூ ஸ்வல்ப,” என்றார். இன்னும் கொஞ்சம்.

கத்திரிக்கோல் மறுபடியும் ஓடத் தொடங்கியது.